குலுக்கியதில் வளர்ந்த நம்பர்

போன வாரம் ஒரு சாயங்காலம் என் மனைவி ஜெயா வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: "ஒரு நல்ல ரிசல்ட்டைக் கெடுத்துட்டு வரேன்."

ஜெயா கெமிஸ்ட். மட்டாஞ்சேரியில், இறால் ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்கும் சின்னக் கம்பெனி. ரத்தம் நிற்பதற்காகக் காயத்தில் வைக்கும் பேண்டேஜில் சேர்கிற பவுடர் அது. பவுடரில் உள்ள மூலக்கூறுச் சங்கிலிகள் எவ்வளவு நீளம் என்று ஜிபிசி மெஷினில் அளப்பது அவள் பொறுப்பு. நீளம் போதாவிட்டால் பேண்டேஜ்காரர்கள் வேண்டாம் என்றுவிடுவார்கள்.

ஆனால் மெஷினுக்கு நீளம் தெரியாது. நேரம்தான் தெரியும். உள்ளே நுண்ணிய ஓட்டைகள் நிறைந்த குழாய்... எங்கள் ஊர் பிராட்வே கடைத்தெருவில் பெரிய மூட்டையோடு போகிறவர் எந்தக் கடையிலும் நுழைய முடியாமல் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார். வெறுங்கையோடு போகிற நான் கடை கடையாக நுழைந்து லேட்டாக வருவேன். சங்கிலிகளும் அப்படித்தான். அதனால் நீளம் தெரிந்த 'ஸ்டாண்டர்டு'களை முதலில் ஓட்டி, எந்த நீளம் எப்போது வரும் என்று மெஷினுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அதுதான் கேலிபரேஷன்.

இந்த ஸ்டாண்டர்டுகளை முதல் நாளே ஊறவைத்து, தானாகக் கரைய விட வேண்டும். கடுமையாகக் குலுக்கினால் சங்கிலி அறுந்துவிடும்.

முதலாளியை எல்லோரும் 'இக்கா' என்பார்கள், மலையாளத்தில் அண்ணன். மிளகு வியாபாரத் தமிழ்க் குடும்பம். தங்கமானவர் — பொறுமை மட்டும் கிடையாது. ரொம்ப நாளாகத் துரத்திய ஆர்டர் வேறு. காலையில் ஜெயா வருவதற்குள், ஊறிக்கொண்டிருந்த பாட்டில்களைக் கண்ணாடிச் சாமான் கழுவும் அதிர்வுத் தொட்டியில் வைத்து எடுத்துவிட்டார். உதவி செய்கிறாராம்.

ஜெயா தெரியாமல் அதையே வைத்து கேலிபரேஷன் முடித்தாள். அப்புறம் ஆர்டருக்கான பவுடரை அளந்தாள். கேட்டதற்கு மேலேயே நம்பர் வந்தது. இக்கா எல்லோருக்கும் சாயாவும் பழம்பொரியும் வரவழைத்தார்.

ஜெயாவுக்குப் பழம்பொரி இறங்கவில்லை. முன்பே அளந்து அலமாரியில் வைத்திருந்த பழைய பவுடரை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். அதுவும் வளர்ந்திருந்தது.

"இக்கா, பழசானா சங்கிலி சின்னதாகும். பெருசாகுமா?"

"பாட்டிலைக் கொஞ்சம் ஆட்டினேன் மோளே. வேகம் கரையட்டும்னாக்கும்."

அளக்கிற கோல் ஒடிந்து குட்டையானால், துணி நீளமாகத்தானே தெரியும்?

மறுநாள் புது ஸ்டாண்டர்டு வைத்து ஓட்டினாள். நம்பர் இறங்கிவிட்டது. இக்கா உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். ஆர்டர் கைவிட்டுப் போனது. இன்றுவரை அவர் ஜெயாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவரைக் குறை சொல்லி என்ன? வீட்டு எடை மெஷினில் கொஞ்சம் கூடிவிட்டால் நான் இறங்கி ஏறுகிறேன், மெஷினை இடம் மாற்றுகிறேன், பேட்டரியைத் திட்டுகிறேன். குறைந்தால்? வாயைத் திறக்காமல் டிபன் சாப்பிடப் போய்விடுகிறேன். நல்ல சேதியை யார் சரிபார்க்கிறார்கள்?

எனக்கும் மனசு ஆறவில்லை. "அந்தப் பழைய பவுடரை எடுக்காம இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? பேசாம அனுப்பியிருக்கப்படாதோ?" என்று கேட்டேவிட்டேன்.

ஜெயா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அனுப்பலாம். ரத்தம் நிக்கணுமே."