அக்கா பொறுக்கிய எலும்புகள்

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். நல்ல விதமாக எழுது என்று வீட்டில் சொன்னார்கள். முயன்று பார்த்தேன். முடிந்த வரைக்கும் இதுதான்.

அக்கா மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார். அப்பா ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். அம்மா காட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு விசைத்தறியிலும் நின்றார். நாற்பது வயதிலேயே அம்மாவின் முழங்கால்கள் வளைந்துவிட்டன. "ஜவ்வு தேஞ்சு போச்சுங்க, ஒண்ணும் பண்றதுக்கில்ல" என்று டாக்டர் சொன்னபோது பள்ளிச் சீருடையில் அக்கா பக்கத்தில் நின்றார். "ஏனுங்க ஒண்ணும் பண்ண முடியாது?" என்று கேட்டார். டாக்டர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அந்தக் கேள்வியை அக்கா கடைசிவரை விடவில்லை.

படித்து முடித்து, சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஜவ்வைப் பற்றியே ஆராய்ச்சிக்குச் சேர்ந்து, டாக்டர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆசிரியையும் ஆனார். எனக்கு ஒருமுறை விளக்கினார். "ஜவ்வுக்கு ரத்தம் போறதில்ல சாமி, அதனால கிழிஞ்சா அதுவா ஆறாது. நரம்பும் கெடையாது, தேயறப்ப வலியே தெரியாது. எலும்பும் எலும்பும் ஒரசறப்பத்தான் தெரியும்." ஜவ்வின் உயிரணுக்களை எடுத்து வளர்த்து, தேய்ந்த இடத்தில் ஒட்டுப் போட முடியுமா என்பதே அவர் வேலை. அதற்கு அப்போதுதான் அறுத்த ஆட்டின் முழங்கால் வேண்டும், கத்தி படாமல் முழுசாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டரில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆட்டையாம்பட்டிக் கறிக்கடைக்குப் போவார். கடைக்காரர் கூட்டத்தை நிறுத்திவிட்டு, "டீச்சரம்மா, முட்டி ஒடைக்காம எடுத்து வெச்சிருக்கேனுங்க" என்று கொடுப்பார். வரிசையில் உறவுக்காரர்கள் நீங்களும் நின்றிருப்பீர்கள். அங்கே பிறந்ததுதான் அந்தப் பெயர். "டாக்டர் பட்டம் வாங்கிப்போட்டு எலும்பு பொறுக்கறா பாரு" என்று உறவில் மூத்த ஓர் அத்தை சொல்ல, கொஞ்ச நாளில் 'எலும்பு பொறுக்கி' என்றே ஆயிற்று. விசேஷ வீடுகளில் அக்காவின் காதுபடவே சொல்லிச் சிரித்தீர்கள். பெண் பார்க்க வந்த இரண்டு இடங்கள் அதைக் கேட்டே நின்று போயின. மூன்றாவது இடம் வர அக்கா சம்மதிக்கவில்லை. அதே கடையில் அதே ஆட்டின் காலை வாங்கி, ஜவ்வு ஊறும் என்று சூப்பு வைத்துக் குடித்தவர்கள்தான் சிரித்தீர்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நானும் யோக்கியனில்லை. என் நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. "அக்கா, பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாம் இருப்பாங்க. அன்னைக்கு ஒருநா அந்தப் பொட்டிய எடுத்துட்டு வந்துடாதீங்க" என்றேன். எடுத்து வரவில்லை. காலையில் ஆய்வுக்கூடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, குளித்து, பட்டுப்புடவை கட்டி, தலை ஈரம்கூடக் காயாமல் மண்டபத்துக்கு வந்தார். உள்ளே வராமல் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு தடவ தண்ணி வாத்துக்கிட்டேன் சாமி. வாசம் அடிக்குதா?" என்று கேட்டார். மாமனார் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன்.

ஒட்டு வளர்ந்தது. ஆட்டின் காலில் வைத்துப் பார்த்தபோது சில பிடித்தன, பல பிய்ந்து வந்தன. இன்னும் செய்து பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மனிதருக்கு வருவதற்குள் அவருக்கே முதுகுவலி வந்தது. பெட்டி தூக்கும் வலி என்று நாங்களும் விட்டோம், அவரும் விட்டார். படம் எடுத்தபோது புற்று எலும்பில் இறங்கியிருந்தது. டாக்டர் சொல்வதற்கு முன்பே படத்தை வெளிச்சத்தில் பிடித்துத் தானே படித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு அந்த அத்தையும் வந்தார். "எலும்பத் தொட்ட பாவம், எலும்புலயே வந்து உக்காந்துருச்சு" என்று கதவுக்கு வெளியே பேசியது உள்ளே கேட்டது. நான் கதவைப் பார்த்து எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து, "உடு சாமி. ரெண்டு மாடி படியேறி வந்திருக்காங்க, முட்டி எப்புடி இருக்குதுன்னு கேளு" என்றார். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு பத்து நாள்தான் இருந்தார்.

எரித்த மறுநாள் காலையில் பால் தெளிக்கப் போனோம். சாம்பலில் தண்ணீர் ஊற்றி, காலில் தொடங்கித் தலைவரை வரிசையாக எலும்பு எடுக்கச் சொன்னார்கள். முழங்கால் எது என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். பின்னால் நின்ற அத்தை, "நல்லாப் பாத்துப் பொறுக்கு சாமி, ஒண்ணுகூட உட்டுப்போடாத" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு அன்று யாரும் சிரிக்கவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலரே. அக்காவை எரித்த ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு மயானத்துக்கு வந்து ஓரமாக நின்ற கறிக்கடைக்காரருக்கு நன்றி. இப்போது அந்த ஐஸ் பெட்டியை எடுத்துப் போகும் அக்காவின் மாணவிகளுக்கு நன்றி. யாராவது அவர்களைப் பார்த்துச் சிரித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். தடியூன்றி நடக்கும் அம்மாவுக்குத் தினமும் காலில் எண்ணெய் தேய்த்துவிடும் என் மனைவிக்கு நன்றி. அன்று மண்டபத்தில் நான் யாருக்குப் பயந்தேனோ, அந்த வீட்டுப் பெண் அவள். மற்றவர்கள் வந்தீர்கள், சாப்பிட்டுப் போங்கள்.

அக்கா, அன்று மண்டப வாசலில் நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. வாசம் அடிக்கவில்லை, அக்கா. சந்தன சோப்பு வாசம்தான் அடித்தது.