விலாவிலிருந்து வந்த தாடை

காலையில் தலையணையில் ரத்தம் இருந்தது. முந்தைய நாள் நான் அடித்தது மகளின் மோவாயில். ரத்தம் வந்திருந்ததோ வலது காதிலிருந்து. அதைப் பார்த்த பிறகும், "லயத்துப் படியில விழுந்துட்டேன்னு சொல்லணும், என்ன?" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தர்ஷினிக்கு அப்போது நான்கு வயது.

என்னைப் போலக் கை நீட்டிவிட்டு அதை மூடி மறைத்த தாய் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்றுதான் எழுதுகிறேன். என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ள அல்ல.

நாங்கள் ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயம் என்று சொல்லும் வரிசை வீடுகளில் இருக்கிறோம். கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தார். அடித்த அன்று பின்னேரம் கொழுந்து பறித்துவிட்டு நனைந்த உடம்போடு வந்து அடுப்பை மூட்டினேன். கொதித்த கேத்தலை இறக்கி வைத்துவிட்டு வெளிக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது கேத்தல் சாய்ந்து கிடந்தது. நிலத்தில் ஆவி பறந்தது. என் ஒரு வயது மகன் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தான். அவனை அடுப்படிக்கு இழுத்து வந்தவள் தர்ஷினி.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது தெரிந்த பிறகுதான் அடித்தேன். கையில் அகப்பட்டது விறகுக் கட்டை. முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடிக்கு அவள் முகத்தைத் திருப்பினாள். இடது மோவாயில் பட்டுத் தோல் கிழிந்தது. பல்லோடு பல் மோதிய சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. வாயைத் திறக்கப் பார்த்தாள், முடியவில்லை.

காதில் ரத்தம் வந்ததைத் தோட்டத்து மருந்தகத்தில் நான் சொல்லவில்லை. துடைத்துவிட்டுத்தான் கூட்டிப் போனேன். மோவாயில் மூன்று தையல் போட்டார்கள். நான் சொன்ன பொய்க்கு அந்த வைத்தியம் போதுமானதாக இருந்தது.

அடுத்த மூன்று ஆண்டுகளில் அவள் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. முதலில் ரொட்டியைப் பிய்த்து உள்ளே தள்ளினாள். பிறகு சோற்றைப் பிசைந்து பல்லிடுக்கில் தேய்த்து உறிஞ்சினாள். ஏழு வயதில் மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே என் சுண்டுவிரல் நகம்கூட நுழையவில்லை. ஒருமுறை வாந்தி வந்தபோது அது வெளியேற வழியில்லாமல் மூக்கால் வந்தது. அவளைக் குப்புறப் பிடித்துக்கொண்டு முதுகில் தட்டினேன். அன்று அவள் என் கையிலேயே செத்துப்போவாள் என்று நினைத்தேன்.

முகமும் மாறியது. நெற்றி வளர்ந்தது, கன்னம் வளர்ந்தது. கீழ்த்தாடை மட்டும் அந்த நாலு வயதிலேயே நின்றது. மோவாய் வலது பக்கமாக இழுபட்டுக் கழுத்துக்குள் போனது. பள்ளிக்கூடத்தில் "குருவி" என்று கூப்பிட்டார்கள்.

ஒன்பது வயதில் அவளுடைய ஆசிரியை பிடிவாதமாக நின்று எங்களைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். வாய், முக அறுவை மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். முகத்தை நிதானமாகத் தொட்டுப் பார்த்தார். மோவாயை அவர் நாடி என்றார்.

"பிள்ளைக்கு எப்பவாவது நாடியில அடி பட்டதோ?"

தர்ஷினி பல்லைத் திறக்காமலே சொன்னாள்: "லயத்துப் படியில விழுந்துட்டேன்."

ஐந்து வருடமாக அந்தப் பொய்யை அவள்தான் சுமந்திருக்கிறாள். அவளை எக்ஸ்ரே படம் எடுக்கத் தாதி கூட்டிப் போனதும் சொன்னேன்.

"நான்தாங்க சார் அடிச்சேன். விறகுக் கட்டையால. காதுல ரத்தமும் வந்துச்சுங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுதினார். "இதை நான் அறிவிக்க வேணும், அம்மா. விளங்குதோ?"

"விளங்குதுங்க."

படம் வந்தது. நோயின் பெயர் தாடை மூட்டு ஒட்டு (கீழ்த்தாடை மண்டை ஓட்டோடு எலும்புக்கு எலும்பாக ஒட்டிப்போவது). இடது பக்கம் விழுந்த அடி தாடை வழியே போய் வலது மூட்டை நொறுக்கியிருக்கிறது. காதில் ரத்தம் வந்தது அதனால்தான்.

"பிறக்கேக்க மண்டைதான் பெரிசு, முகம் சின்னன். முகம் பிறகுதான் கீழையும் முன்னுக்குமா இறங்கி வளரும்" என்று அவர் தன் காதுக்கு முன்னால் விரலை வைத்துக் காட்டினார். "கீழ்த்தாடை வளர்றது இந்த இடத்தில இருந்து. அதுதான் உடைஞ்சது. மற்றப் பக்கம் வளருது, இந்தப் பக்கம் நிண்டிட்டுது. அதான் கோணல்."

கணவர் கொழும்பிலிருந்து வந்தார். வார்டுக்கு வெளியே, எல்லோரும் பார்க்க, என்னை அறைந்தார். அறை விழுந்ததும் நான் முதலில் காதைத் தொட்டு விரலைப் பார்த்தேன். ரத்தம் இல்லை. சிறுவர் நன்னடத்தை அதிகாரி ஒரு அம்மா லயத்துக்கு வந்து விசாரித்தார். மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தார். அவர் வந்ததில் எனக்கு வெட்கம் இருந்தது, ஆனால் கோபம் இல்லை.

அறுவைக்கு முன்தினம் மருத்துவர் தர்ஷினியின் கட்டிலில் உட்கார்ந்தார். "இப்பிடி முன்னுக்குத் தள்ளின நாடி மனுசருக்கு மட்டும்தான் இருக்கு, தெரியுமோ? குரங்குக்கும் இல்லை. ஏன் வந்தது எண்டு படிச்ச ஆக்களுக்கே இன்னும் சரியாத் தெரியாது."

"எனக்கும்தான் இல்ல" என்றாள் அவள்.

"உமக்கு வர வைப்பம்."

வாய் திறக்காததால், அவள் விழித்திருக்கும்போதே மூக்கு வழியாகச் சுவாசக் குழாயை இறக்கினார்கள். பிறகு ஒட்டிய எலும்பை அறுத்துப் பிரித்தார்கள். நெஞ்சிலிருந்து ஒரு துண்டு விலா எலும்பை, நுனியில் குருத்தெலும்போடு (வளரக்கூடிய மெத்தென்ற எலும்பு) எடுத்துத் தாடைக்குப் புது மூட்டாக வைத்துப் பூட்டினார்கள். ஆறு மணி நேரம் ஆனது. வெளியே வந்தபோது முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. மூச்சு விட்டால் விலா வலித்தது, விழுங்கினால் தாடை வலித்தது. பிள்ளைக்கு வலிக்காத இடமே இல்லை.

ஆனால் உண்மையான சித்திரவதை வீட்டுக்கு வந்த பிறகுதான். பல்லுக்கு நடுவே தட்டையான மரக்குச்சிகளை அடுக்கி, முடிந்த அளவு ஒவ்வொன்றாகக் கூட்டி வாயைப் பிளக்க வேண்டும். நாளைக்கு ஐந்து தடவை. "நிப்பாட்டினா திரும்ப ஒட்டும். அழுதாலும் செய்யுங்கோ" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் தலையைச் சுவரோடு அழுத்தி, முழங்காலால் அவள் கைகளை அமுக்கிக்கொண்டு குச்சியைச் செருகுவேன். அவள் அலறுவாள். அந்த வாயிலிருந்து நான் ஐந்து வருடமாகக் கேட்காத முழுச் சத்தம் அது.

பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து சரசக்கா ஓடி வந்தாள். "ஏண்டி, அன்னைக்குப் பாதிக் கொன்னது போதாதா?"

நான் குச்சியை எடுக்கவில்லை.

பதினோராம் நாள் எட்டாவது குச்சியை வைக்கும்போது தர்ஷினி என் ஆட்காட்டி விரலைக் கடித்தாள். தெரியாமல் பட்ட கடி அல்ல. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, பல் எலும்பில் இறங்கும் வரை கடித்தாள். ரத்தம் அவள் உதட்டில் வழிந்தது. நான் விரலை இழுக்கவில்லை. அவளாக விட்ட பிறகு சொன்னேன்:

"படியில நீ விழல பாப்பா. அம்மாதான் அடிச்சேன்."

"எனக்குத் தெரியாதா? அடி வாங்குனது நான்தானே" என்றாள்.

இருவரும் அழுதோம். தனித்தனியாகத்தான் அழுதோம். கொஞ்ச நேரம் கழித்து அவள் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, "எட்டாவது குச்சிய வைங்க" என்றாள். அதன் பிறகு நான் அவள் கைகளை அமுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அலறியதும் குறையவில்லை.

கடித்ததை மருத்துவரிடம் சொன்னபோது என் விரல் தழும்பைத் திருப்பிப் பார்த்தார். "நல்ல கடி" என்றார்.

இதைப் படிக்கும் உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளைக்கு மோவாயில் அடி பட்டால், விழுந்தாலும் சரி, நீங்களே அடித்திருந்தாலும் சரி, வாய் திறக்கிறதா, காதில் ரத்தம் வருகிறதா என்று பாருங்கள். வாய் திறக்காவிட்டாலோ ரத்தம் வந்தாலோ உடனே தாடை மருத்துவரிடம் போங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். என் கையால் உடைந்தது ஒரு எலும்பு. என் பொய்யால் நின்றுபோனது ஒரு முகம்.

தர்ஷினிக்கு இப்போது பதினைந்து வயது. மூன்று விரல் நுழையும் அளவுக்கு வாய் திறக்கிறது. விலா எலும்பு தாடையாகிவிட்டது. சொல்லப்போனால் அது கூடுதல் வேகத்தில் வளர்கிறது. ஒரு காலத்தில் வலது பக்கம் இழுபட்டிருந்த மோவாய் இப்போது லேசாக இடது பக்கம் தள்ளுகிறது. எலும்பு வளர்ந்து முடியும் வரை பொறுத்திருந்து, தேவைப்பட்டால் இன்னொரு அறுவை என்கிறார்கள். எங்கள் வீட்டில் வருடங்களைப் பிறந்தநாளால் கணக்கிடுவதில்லை. அந்த மோவாய் எவ்வளவு நகர்ந்தது என்பதுதான் எங்கள் காலம். இப்போதெல்லாம் யாருடைய முகத்தைப் பார்த்தாலும் அது நின்றுவிட்ட ஒன்றாக எனக்குத் தெரிவதில்லை. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகமும் உள்ளே எங்கோ அசைந்துகொண்டிருக்கிறது என்று தோன்றும். என் கைகளை மடியில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வேன்.

போன மாதம் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் பண்டாரவளைக்குப் போனோம். படம் பிடிப்பவர் இரண்டு முறை கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தங்கச்சி, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. முகம் நேரா வரல."

தர்ஷினி திரும்பவில்லை. முதுகை நிமிர்த்தி, தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். காதுக்கு முன்னால் இருந்த அறுவைத் தழும்பு தெரிந்தது.

"இப்பத்திக்கு இதுதாங்க நேர்" என்றாள். "எடுங்க."