மானேஜருக்குப் பின்னால் ஒரு குரல்

சாயல்குடிப் பக்கம் ஓர் உப்பளத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதிதாக வந்த மானேஜர் ரோமாபுரிச் சரித்திரத்தில் ஊறியவர். முதல் நாளே எங்களை நிற்கவைத்து ஒரு கதை சொன்னார். போரில் ஜெயித்த ரோமானியத் தளபதி தேரில் ஊர்வலம் வரும்போது, ஓர் அடிமை பின்னால் நின்று, ‘நீயும் சாகப்போகிற மனிதன்தான்’ என்று காதில் சொல்லிக்கொண்டே வருவானாம். அதிகாரம் தலைக்கு ஏறாமலிருக்க அதுதான் மருந்தாம்.

“எனக்கும் அப்படி ஒரு ஆள் வேணும்” என்றார்.

மாரியூர் சவரிமுத்துவைப் பிடித்தார். வாட்ச்மேன், சத்தமாகப் பேசவே தெரியாதவர். மானேஜர் ரவுண்ட்ஸ் போகையில் குடை பிடித்தபடி பின்னால் போய், பாத்திக்குப் பாத்தி, “அய்யா, நீங்களும் ஒருநா போயிருவீக” என்பார். உப்பு அள்ளும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை மானேஜரால் தாங்க முடியவில்லை. சவரிமுத்துவை வேலையை விட்டே நிறுத்திவிட்டார். கேட்டு வாங்கிய மருந்து கசக்கிறதாக்கும் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

அடுத்த வாரம் பட்டப்பகலில் கோடை இடி. பாத்திகளுக்கு நடுவே மனுஷத் தலையைவிட உயரமாக எதுவும் கிடையாது; இடி விழுந்தால் ஆள்மேல்தான். என் மனைவி பேச்சியும் அங்கேதான் கூடை சுமந்துகொண்டிருந்தாள், வயிற்றுப் பிள்ளையோடு. உப்பு அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடாமல் ஒருவரும் நகரக்கூடாது என்று மானேஜர் அதன் உச்சியில் நின்று கத்தினார். மேலே ஏறிப்போய்க் கும்பிட்டேன்.

“சார், எம் பொஞ்சாதி புள்ளத்தாச்சி. பொம்பளையாளுகள மட்டுமாச்சும் விட்ருங்க.”

“ஒருத்திய விட்டா எல்லாரும் போயிருவாங்க. பயம் இருந்தாத்தான்யா வேலை நடக்கும். போ கீழ.”

மின்னல் வெட்டியது. உடனே அந்தக் குரல் கேட்டது.

“அய்யா, நீங்களும் ஒருநா போயிருவீக.”

சவரிமுத்துவின் அதே மெல்லிய குரல், அதே இழுப்பு. மானேஜர் விருட்டென்று திரும்பினார். பின்னால் யாருமில்லை.

“அவன் எப்பய்யா வந்தான்?” என்று என்னிடம் கேட்டார்.

அந்தக் குரல் கேட்டபோது நான் அவர் முகத்துக்கு நேரே நின்றிருந்தேன். அசைந்தது அவருடைய உதடுதான்.

அதை அவரிடம் நான் சொல்லவில்லை. “இங்கன, ஒங்க பின்னாடிதான் சார் நிக்கிறாரு” என்றேன்.

“எல்லாரையும் போகச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கினார்.

மழை விடும்வரை இன்ஜின் ஷெட்டில் ஒண்டியிருந்தோம். வெளியே அம்பாரம் கரைந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. பின்னால் யாரும் நிற்க இடம் விடாமல், முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார்.

அன்று சொன்ன பொய்க்காக நான் வருத்தப்பட்டதில்லை. வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: பயமுறுத்தி வேலை வாங்குகிறவரிடம் கெஞ்சிக்கொண்டு நிற்காதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று பாருங்கள்.