கட்டைவிரலில் ஜால்ராப் பூதம்

ஓட்டுநர் தேர்வுத் திடலில் அவருக்கு நூலிழை சார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஃபெயிலானவர்கள் வைத்தது. வண்டியைப் பின்னால் எடுத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிறுத்தச் சொல்வார். நிறுத்தியதும் இறங்கி, கால்சட்டை முட்டியைக் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு, குனிந்து பார்ப்பார். "ஒரு நூலிழை தள்ளிடுச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வாங்க." கோபம் இருக்காது, கிண்டல் இருக்காது. மருந்துச் சீட்டு எழுதும் டாக்டரின் குரல். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்தக் குரலிடம் என்னத்தைக் கேட்பது?

இவ்வளவு கறார் ஆசாமி வீட்டுக்குப் போனதும் என்ன செய்வார் என்று திடலில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்தே பாதிப்பேர் பிரேக்கை மறந்திருப்பார்கள். சார் பூதங்களுக்குப் பெயிண்ட் அடிப்பார்.

அவர் வீட்டின் இரண்டாவது அறையில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு உருவங்கள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் உயரம், எல்லாம் பழைய ஈய வார்ப்பு. குட்டிப் பூதங்கள், குள்ளர்கள், மந்திரவாதிகள், கொம்பு வைத்த குதிரைகள். ஒரு காலத்தில் இவற்றை மேசைமேல் இரண்டு படையாக நிறுத்தி, தாயக்கட்டை உருட்டி, அளவு நாடா வைத்து நகர்த்தி, போர் விளையாட்டு ஆடுவார்கள். வார்த்த கம்பெனி முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்பே கடையைக் கட்டிவிட்டது. இன்று உலகத்தில் இவற்றைத் தேடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் ஒருவர் நம் சார். எதிர்த்து ஆட ஆள் கிடைக்காததால் அவர் படை இதுவரை ஒரு போரும் பார்த்ததில்லை. அதற்கு இருந்த ஒரே எதிரி தூசி.

பழைய உருவங்கள் பெரும்பாலும் யாரோ ஒரு சின்னப் பிள்ளை கொழகொழவென்று பூசிய பெயிண்டோடு வரும். சார் அவற்றை ஒரு கிண்ணத்தில் மருந்து ஊற்றி ஊறவைத்து, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, ஈயம் பளிச்சென்று தெரிந்ததும் புதிதாகப் பெயிண்ட் அடிப்பார். கவசம் நன்றாக வரும். தாடி நன்றாக வரும். கண் மட்டும் வராது. கண்ணுக்குக் கருமணி வைக்கும் நேரம் பார்த்துக் கை நடுங்கும். ஒரு கண் வாசலைப் பார்த்தால் இன்னொரு கண் கொல்லையைப் பார்க்கும். முந்நூற்றுப் பதினொன்றும் மாறுகண்.

"சண்டை வந்தா உங்க ஆளுங்க பக்கத்துல நிக்கிறவனத்தான் குத்துவானுங்க" என்பாள் அவர் மனைவி.

"மினியேச்சர்மா. ஆளுங்க இல்ல."

"மினியேச்சரோ மண்ணாங்கட்டியோ, எல்லாத்துக்கும் கண்ணாடி போடணும்."

கணக்குச் சரியாகப் பார்த்தவர்கள் கேட்கலாம்: முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒன்று ஏன் தப்பித்தது? அதுதான் கதை.

அந்தக் கம்பெனி ஒரு பூத வாத்தியக் குழு செய்திருந்தது, மொத்தம் பன்னிரண்டு பேர். முரசு, கொம்பு, ஊதுகுழல் என்று பதினோரு பேரைச் சார் சேர்த்துவிட்டார். பன்னிரண்டாவது ஆள் கையில் ஜால்ரா. அதைப் பத்தொன்பது வருஷம் தேடினார். கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இறந்துபோன ஒரு சேகரிப்பாளரின் வீட்டிலிருந்து பார்சல் வந்தது. பஞ்சைப் பிரித்தவர் ஜன்னல் வெளிச்சத்துக்கு ஓடினார். இது சின்னப் பிள்ளை பூசியது அல்ல. கடைக் கண்ணாடிப் பெட்டிக்காகக் கம்பெனியின் சொந்த ஓவியர் தீட்டியது. பச்சைப் போர்வை, மஞ்சள் பல், ஒரு கண் மூடி ஒரு கண் திறந்து கண்ணடித்துக்கொண்டிருந்தது. திறந்த கண்ணின் கருமணியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. சார் பூதத்தைப் பார்த்தார், பூதம் சாரைப் பார்த்தது. அவர் வீட்டில் நேராகப் பார்த்த முதல் பூதம் அதுதான்.

சேகரிப்பாளர்களிடையே ஒரு சட்டம் உண்டு. வெறும் ஈயத்துக்குப் பெயிண்ட் அடிக்கலாம், பிள்ளை பூசியதை உரிக்கலாம். கம்பெனிக்காரர் கைபட்டதை மட்டும் தொடக் கூடாது. உரிக்கவும் கூடாது, மேலே ஒரு புள்ளி புதிதாக வைக்கவும் கூடாது. அந்தப் பெயிண்ட் போனால் போனதுதான்.

ஆனால் வழியில் ஒரு ஜால்ரா மணிக்கட்டோடு உடைந்திருந்தது.

"சாயங்காலம் வந்து ஒட்டுங்க. பஸ் போயிடும்" என்றாள் மனைவி.

"ரெண்டு நிமிஷ வேலம்மா."

உலகத்தில் எந்த வேலையும் இரண்டு நிமிஷத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. வலது கையில் பூதத்தைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பசைக் குழாயை அழுத்தினார். வாய் அடைத்திருந்தது. இன்னும் அழுத்தினார். குழாய் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டது. தொட்டால் பிடித்துக்கொள்ளும் பசை. பூதத்தின் முதுகு வழியாக இறங்கி, பச்சைப் போர்வையையும் சாரின் கட்டைவிரலையும் ஒன்றாக்கிவிட்டது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், ஜால்ரா மிக நன்றாக ஒட்டிக்கொண்டது.

மனைவி நகப்பூச்சு நீக்கியோடு ஓடி வந்தாள். "கைய நீட்டுங்க, ஒரே நிமிஷம்."

"கிட்ட வராத! அது பட்டா பெயிண்ட் கரைஞ்சு ஓடிடும்!"

"அப்ப பிச்சு எடுங்க."

"பெயிண்ட் கையோட வந்துடும்!"

"அப்ப இத வச்சுக்கிட்டேவா வேலைக்குப் போவீங்க?"

லீவு போடலாம். ஆனால் இன்னொரு தேர்வாளர் முட்டி ஆபரேஷன் செய்து படுத்திருந்தார், பத்தொன்பது பேருக்கு அன்று தேர்வு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நாள்கூடச் சொல்லாமல் லீவு எடுக்காதவர், பூதம் ஒட்டிக்கொண்டது என்று காரணம் எழுதுவாரா? கையை வெற்றிலைப் பெட்டி மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ஆபீஸ் வாசலில் வருகைப் பதிவு மெஷின் அவர் கட்டைவிரலைக் கேட்டது. விரல் நுனியைப் பூதம் மறைத்திருந்ததால் பூதத்தையே காட்டினார். அடையாளம் தெரியவில்லை என்றது மெஷின். நியாயம்தானே.

முதலில் வந்த கல்லூரிப் பையன், சார் "வலது பக்கம் திருப்புங்க" என்று கை காட்டியதும், இரண்டு ஜால்ராவைத் தூக்கிக்கொண்டு கண்ணடிக்கும் ஒரு பூதத்தைப் பார்த்தான். நேராகப் போய் நடைபாதையில் ஏறினான். அடுத்து வந்த பெரியவர் திடலைச் சுற்றி முடிக்கும்வரை சாலையைப் பார்க்கவே இல்லை. சார் ஒவ்வொருவருக்கும் அதே டாக்டர் குரலில் தீர்ப்புச் சொன்னார், கூடவே கட்டைவிரல் ஆடியது. ஃபெயில் என்று அவர் சொல்ல, பூதம் ஜால்ரா போடுகிற மாதிரியே இருந்தது. வரிசையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சாருக்கு அவமானத்தைவிடப் பெரிய கவலை வேறு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வியர்வை பட்டால் போர்வை பெயிண்ட் என்ன ஆகும்?

பதினோராவதாக வந்தவர் பார்லர் அக்கா. நாற்பது வயது. ஒரு வேனுக்குள் நாற்காலி, விளக்கு, கண்ணாடி எல்லாம் பொருத்தி, வீடு வீடாகப் போய் நகம் அழகுபடுத்துகிறவர். வேன் வாங்கி எட்டு மாதம் ஆகிறது, உரிமம்தான் வரவில்லை. அதனால் தம்பிதான் வேனை ஓட்டினான், எங்கும் ஒரு மணி நேரம் தாமதமாக. இது அக்காவுக்கு ஏழாவது தேர்வு. முந்தைய ஆறிலும் நூலிழை.

அக்கா ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன்பே கட்டைவிரலைப் பிடித்துவிட்டார். "நகம் ஒட்டுற பசை மாதிரியில்ல இருக்கு! எப்ப ஒட்டுச்சு சார்?"

"காலைல."

"ரிமூவர் இருக்கு, ஒரு நிமிஷம்..."

"வேணாம்! பெயிண்ட் போயிடும்!" பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா குனிந்து பூதத்தைப் பார்த்தார். கண்ணில் இருந்த வெள்ளைப் புள்ளியைப் பார்த்தார். புருவம் ஏறியது. "அடேயப்பா, என்ன கை! சரி, ரிமூவர் வேணாம். எண்ணெயும் வெதுவெதுன்னு சோப்புத் தண்ணியும் போதும். தோல் பக்கமா மட்டும் விட்டு, கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். வேனுக்குள்ள எல்லாம் இருக்கு, வாங்க."

சாருக்கு அழுகையே வந்துவிடும் போல் இருந்தது. ஆனால் கறார் ஆசாமி ஆயிற்றே. "இப்ப கூடாதும்மா. டெஸ்ட்டுக்கு முன்னாடி உதவி வாங்கினா அது லஞ்சம். முதல்ல வண்டிய எடுங்க."

அக்கா வண்டியை எடுத்தார். எட்டுப் போட்டார், மேட்டில் நிறுத்தி எடுத்தார், எல்லாம் கச்சிதம். பின்னால் எடுக்கும்போது வேனுக்குள் ஏழு கண்ணாடி இருந்தும் ஒன்றிலும் கம்பம் தெரியவில்லை. டொக் என்று ஒரு சத்தம். காக்காய்கூடப் பறக்கவில்லை, அவ்வளவு சின்னச் சத்தம்.

சார் இறங்கினார், குனிந்தார். இந்தம்மா ஒருத்திதான் தன் பூதத்தைக் காப்பாற்ற முடியும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பாஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யார் வந்து அளந்து பார்க்கப் போகிறார்கள்? நிமிர்ந்தார்.

"ஒரு நூலிழை தொட்டிருச்சும்மா. பதினஞ்சு நாள் கழிச்சு..."

கட்டைவிரல் ஆடியது. பூதம் ஜால்ரா போட்டது.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எரித்துவிடுவது மாதிரியான பார்வை. அப்புறம் வேனின் பக்கக் கதவைத் தடாலென்று திறந்தார். "சாப்பாட்டு நேரத்துல வாங்க. நான் உங்கள மாதிரிதான் சார், செய்யறத ஒழுங்கா செய்வேன். ஆனா கை ஆடக் கூடாது. ஆடுச்சுன்னா நீங்க ஃபெயில்."

மதியம் சார் பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தார். தலைக்கு மேல் விளக்கு, கைக்குக் கீழே இளஞ்சிவப்பு மெத்தை. அக்கா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பூதத்தைப் பார்க்க அதைவிடப் பொருத்தமான கண்ணாடி எது? பஞ்சில் எண்ணெய், ஈர்க்குச்சி மாதிரி ஒரு மரக்குச்சி. தோலுக்கும் போர்வைக்கும் நடுவே ஒரு சொட்டு, அப்புறம் காத்திருப்பு, மறுபடி ஒரு சொட்டு. கால் மணி நேரத்தில் ஓர் ஓரம் விட்டது. அரை மணி நேரத்தில் பாதி விட்டது. சாரின் கை நடுங்க ஆரம்பித்தது.

"ஆடுது" என்றார் அக்கா.

"நானா ஆட்டல. அதுவா ஆடுது."

"என் வண்டியும் அதுவாத்தான் போச்சு. நீங்க கேட்டீங்களா?"

சார் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிற்பகல் தேர்வு தொடங்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பூதம் பிசுக்கென்று கையை விட்டு வந்தது. அக்கா அதை விளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் பத்திரம், பல் பத்திரம். போர்வையின் அடி ஓரத்தில் மட்டும், தலைமுடி அகலத்துக்கு ஈயம் தெரிந்தது. அந்தப் பச்சைக் கோடு சாரின் கட்டைவிரலில் இருந்தது.

"ஒரு நூலிழை போயிடுச்சு சார்" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை, கிண்டல் இல்லை. "அப்ப நானும் ஃபெயில்தான்."

"இல்லம்மா! என்னம்மா பேசறீங்க? இது பாஸ். நூத்துக்கு நூறு. இதெல்லாம் ஒரு குறையா? கண்ணுக்கே தெரியாது!"

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தேர்வாளரான நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. அக்கா பஞ்சை மடித்துக் குப்பையில் போட்டார். சார் தலையைக் குனிந்துகொண்டு, பூதத்தைச் சட்டைப் பையில் வைத்தார். கூலி என்ன என்று கேட்டார்.

"ஒண்ணும் வேணாம். இவனோட கூட்டாளிங்கள ஒரு நாள் காட்டுங்க. கண்ணு எழுதினவரோட வேற வேலையப் பாக்கணும்."

மற்ற கண்களை எழுதியது யார் என்று சொல்லச் சாருக்குத் தைரியம் வரவில்லை.

பதினைந்து நாள் கழித்து எட்டாவது தேர்வு. அக்கா வேனில் இருந்த ஏழு கண்ணாடியில் ஒன்றைக் கழற்றிப் பின்பக்கம் பொருத்தியிருந்தார். வேன் கம்பங்களுக்கு நடுவே நின்றது. சார் இறங்கிக் குனிந்தார். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை குனிந்தார். இடைவெளி இருந்தது, சரியாக ஒரு நூலிழை. "தொடல. பாஸ்" என்று அவர் சொன்னபோது திடலில் விசில் பறந்தது. சந்தோஷத்தில் சாருக்கு மூக்கு சிவந்துவிட்டது. அதை வெயில் என்று சொல்லிக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா தானே வேனை ஓட்டிக்கொண்டு, சரியான நேரத்துக்கு வந்தார். சாரின் மனைவி டீ போட்டு வைத்து, அறை வாசலில் நாற்காலியும் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்த நாளுக்காகத்தான் அவள் இத்தனை வருஷம் காத்திருந்தாள் போல.

கண்ணாடி அலமாரி திறந்தது. பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அக்கா முதல் வரிசையிலிருந்து ஆரம்பித்தார். கொம்பூதி, முரசு, குள்ளர் தலைவன், மந்திரவாதி. ஒவ்வொன்றாக எடுத்து, உற்றுப் பார்த்து, வைத்தார். சார் பக்கத்தில் கை கட்டி நின்றார். கம்பங்களுக்கு நடுவே வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசி வரிசை முடிந்தது. முந்நூற்றுப் பதினொரு ஜோடிக் கண்களும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தன. ஜால்ராப் பூதம் மட்டும் நேராகப் பார்த்துக் கண்ணடித்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். கைப்பையைத் திறந்து, நகத்தில் பூப் போடும் ஆக மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, சார் கையில் வைத்தார்.

"கருமணி ஒரு நூலிழை தள்ளிடுச்சு சார். எல்லாத்துக்கும். பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடி வரேன்."