அடியில் கிடக்கிற ரவை

மேலே கிடப்பதைக் கோணேஸ்வரன் தொடவே மாட்டார். ரவைத் தகரத்தைத் திறந்ததும் கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவி, கீழே கிடக்கும் தோட்டாக்களில் ஒரு பிடி எடுத்து மேசையில் வரிசையாக நிறுத்துவார். கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரின் துவக்குச் சூட்டுக் கழகத்தில் வேறு எவருக்கும் இந்தப் பழக்கம் இல்லை. எல்லாம் ஒரே ஆலையில் பிறந்தவைதானே, மேலென்ன கீழென்ன என்று டெனிஷ்காரர் சிரிப்பார்கள். இவர் விட்டுக்கொடுக்க மாட்டார். "என்ர மனுசி இப்பிடித்தான் அரிசி வாங்கிறவ. சாக்கின்ர வாயில நல்லதைத்தான் போட்டு வைப்பான். அடியில கைய விட்டால்தான் கடைக்காரன்ர குணம் தெரியும்."

ஆளைப் பார்த்தால் துவக்குத் தூக்கும் ஆள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தம்பலகாமத்து வயற்காரக் குடும்பம், மெலிந்த உடம்பு, சட்டையின் மேற்பொத்தான் வரை பூட்டிய கழுத்து. துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்தவர், இங்கே வியாழனுக்கு வியாழன் துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருக்கிறார். விதி என்று சொல்லலாம். எய்னார் என்று சொல்வதுதான் சரி.

எய்னார், மாவுத் தொழிற்சாலையில் பக்கத்தில் நின்று சாக்குத் தைக்கிற மனிதர். மனைவி விமலராணியைக் கூப்பிட அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று கோணேஸ்வரன் காத்திருந்த காலம் அது. கவனம் தையலில் நிற்கவில்லை. ஒருநாள் சாக்கூசி விரலில் ஏறிவிட்டது. எய்னார் விரலுக்குத் துணி சுற்றிவிட்டு, வியாழக்கிழமை கழகத்துக்கு வா என்று மட்டும் சொன்னார். அங்கே படுக்கவைத்து, கழகத்துத் துவக்கைக் கையில் கொடுத்து, "றோலி, கோனி" என்றார். கோனி என்றது இவரைத்தான்; றோலி என்றால் ஆறுதலாக, பதறாமல். பாதி மூச்சை விட்டு மீதியை நிறுத்தி, விரலை மெல்ல இழுக்கவேண்டும்.

"அந்த மூச்சை நிப்பாட்டி வைச்சிருக்கிற நேரம் மட்டும் எனக்கு ஒரு கவலையும் இல்லை, கண்டியளோ," என்பார் கோணேஸ்வரன். சுட்டு முடித்துத் துவக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது எய்னாருக்கு நன்றியாக ஒரு 'தக்' சொல்வார். துவக்குக்கும் ஒன்று சொல்வார்.

ரவை தெரிவு செய்வதில் அவரை வெல்ல ஆளில்லை. இருநூறு மீற்றருக்கு அப்பால் நிற்கும் அட்டை பொய் சொல்லாது. போட்டிக்காரர் வாங்கும் பளபளப்பான பெட்டி நன்றாகத்தான் சுடும், ஆனால் தொழிற்சாலைக்காரன் வாராவாரம் அதைச் சுட்டால் சோற்றுக்கு எங்கே போவான்? ஆமி கழித்துவிட்ட கலப்படம் மலிவு. ஒன்று மேலே போகும், அடுத்தது கீழே இறங்கும். கடைசியில் அவர் பிடித்துக்கொண்டது மண்ணிறக் கடதாசி சுற்றிய நடுவாந்தரச் சரக்கு. ஒரே ஆலை, ஒரே தடவையில் செய்தது. கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும். ஆனால் எப்போதும் அதே அளவுதான் ஒதுங்கும்.

"ஒரே மாதிரிப் பிழைச்சால் அதுக்கேத்த மாதிரி நான் திருத்தலாம். ஒவ்வொருக்கா ஒவ்வொரு மாதிரிப் பிழைச்சால் ஆரை நோகிறது?" என்று கேட்பார். அதைக் கேட்கும்போது அவர் நினைப்பது ரவையை மட்டுமல்ல. விமலராணியின் அனுமதியைப் பற்றிக் குடிவரவு அலுவலகத்தில் விசாரிக்கப்போனால், ஒருத்தி அடுத்த மாதம் என்பாள், இன்னொருவர் கோப்பு கொப்பன்ஹேகனில் என்பார், மூன்றாமவர் தோளைக் குலுக்குவார்.

நல்ல ரவை அகப்பட்ட சந்தோசத்தில்தான் அந்தப் பிழை நடந்தது. கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜில் காத்திருந்த விமலராணிக்குத் தொலைபேசி எடுத்தவர், வாய்விட்டுச் சொல்லிவிட்டார்: "இஞ்சாரும், நல்ல ரவை அம்பிட்டிட்டுது. மலிவு. எல்லாம் ஒரே தரம். இந்த வருசத்துக்கெண்டு மொத்தமா எடுத்திட்டன்."

அந்தப் பக்கத்தில் விமலராணி கேட்டார்: "வறுத்ததோ, வறுக்காததோ?"

கோணேஸ்வரனுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கணம், கொழும்பில் தமிழர் வாயில் துவக்கு என்ற சொல் வந்தாலே பொலிஸ் பிடிக்கும் என்பது நினைவுக்கு வந்தது. லொட்ஜ் விறாந்தையில் எத்தனை காதுகளோ! உப்புமா ரவை இல்லையப்பா, துவக்கு ரவை என்று கொழும்புக்கு எப்படிச் சொல்வது? "வறுக்காதது," என்றார்.

"அப்ப வறுத்து வையுங்கோ. வண்டு பிடிச்சிடும்."

கட்டின மனைவிக்குச் சொன்னது பொய்யாகக்கூடாது. அன்றைக்கே கடைக்குப் போய் உப்புமா ரவை வாங்கி வறுத்தார். அதற்குப் பிறகு கழகத்தில் ஒரு பெட்டி உடைத்தால், வீட்டுக்கும் ஒரு பைக்கற் வரும். கூட இருந்த செல்வரட்ணம் உப்புமா தின்றே நொந்துபோனான்.

ஆனால் ஒருநாள் அவன் கேட்ட கேள்வி உப்புமாவைப் பற்றியதல்ல. "அண்ணை, துவக்குக்குப் பயந்து வந்தனாங்கள் எண்டு எழுதிக் குடுத்திட்டு, நீங்கள் துவக்கோட கிடக்கிறது காதில விழுந்தால், விமலராணி அக்காவை இஞ்ச வர விடுவாங்களோ?"

அந்த வியாழன் கோணேஸ்வரன் கழகத்துக்குப் போகவில்லை, அடுத்ததும் போகவில்லை. எய்னார் வீட்டுக்கே வந்துவிட்டார். இவர் தெரிந்த டெனிஷில் பயத்தைச் சொன்னதும், மனிதர் எழுந்து காரை எடுத்தார். இவரைக் கூட்டிக்கொண்டு போய் அலுவலகத்தில் உட்கார்ந்தவர், பிளாஸ்க்கில் கோப்பியோடு, அதிகாரி ஒருவர் வாய் திறக்கும்வரை அசையவில்லை. துவக்கு அல்ல காரணம். தமிழருடைய குடும்பக் கோப்புகளை அடுக்கின் அடியில் வைக்கும்படி மேலிடத்து உத்தரவாம். அமைச்சர்வரைக்கும் போகும் கதை என்று ஊரறிந்தது பிறகுதான்.

திரும்பும் வழியில் கோணேஸ்வரன் ஒரேயொரு வசனம் சொன்னார். "அப்ப அடியில கைய விட ஒருத்தரும் இல்லை."

பிறகு பேப்பர்களில் அடிபட்டது, பாராளுமன்றத்தில் கேட்டார்கள், கோப்புகள் அசைந்தன. விமலராணியைக் கூட்டிவர, பில்லுண்ட் விமான நிலையத்துக்கு எய்னாரின் கார்தான் போனது. அந்த மனிதரின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் கோணேஸ்வரனுக்குக் கண் நிறைந்துவிடும்; ஒளிக்கவும் மாட்டார்.

விமலராணி குசினி அலுமாரியைத் திறந்தார். மேலிருந்து கீழ்வரை வறுத்த ரவை. "கடை போடப் போறியளோ?" என்று கேட்டார். இனி மறைக்க முடியாது. கோணேஸ்வரன் முழுவதையும் சொன்னார். துவக்கு என்ற சொல்லோடு விமலராணியின் முகம் மாறிவிட்டது. ஊரில் வெடிச்சத்தம் கேட்டால் குசினிக்குள் குந்திக் காதைப் பொத்திக்கொள்கிற மனுசி. இனிக் கழகத்தோடு சரி, முடிந்தது என்று கோணேஸ்வரன் முடிவு கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் குசினியில் நெய் மணந்தது. அந்த ரவையில் ஒரு தட்டம் கேசரி. "வெளிக்கிடுங்கோ. நானும் வாறன். அந்த மனுசனுக்கு நான் கையால ஏதும் குடுக்க வேணும்."

கழகத்தில் கேசரி தட்டோடு காலி. எய்னார் விரலையும் நக்கிவிட்டு 'தக்' சொன்னார். "நாங்களெல்லோ சொல்ல வேணும்," என்று விமலராணி தமிழிலேயே சொன்னார். அவருக்கு விளங்கியிருக்கும்.

கோணேஸ்வரனின் முறை வந்தது. மனைவி பார்த்துக்கொண்டு நிற்கிறாரே என்ற கூச்சத்தில், தகரத்தைத் திறந்து மேலே கிடந்த ஒன்றைச் சட்டென்று எடுத்தார்.

"என்ன, மேல கிடக்கிறதை எடுக்கிறியள்?"

விமலராணி காப்பை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, தகரத்துக்குள் கையை அடிவரைக்கும் விட்டார். துழாவி ஒன்றை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.