விரலில்லாத கைக்கு இரண்டு காரணங்கள்

என் மூத்த மகள் பிறந்தபோது அவளுடைய இடது உள்ளங்கை இருக்க வேண்டிய இடத்தில் கொழுக்கட்டை போல ஒரு சதை மட்டும் இருந்தது. விரல் ஒன்றுகூட இல்லை. மருத்துவச்சி குழந்தையைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரணம் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவளைச் சுமந்த ஐந்தாம் மாதத்தில் ஒரு பகலில் சூரிய கிரகணம் பிடித்தது. எதையும் நறுக்கக் கூடாது, கிள்ளக் கூடாது என்று சொல்லி என்னை உள்ளே உட்காரவைத்திருந்தார்கள். எனக்குப் பசி தாங்கவில்லை. கைக்கு அகப்பட்ட வெள்ளரிக்காயை அரிவாள்மனையில் அரிந்து தின்றுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பிரசவம் தாய்வீட்டில் நடந்தது. அதனால் ஜேடர்பாளையம் வாய்க்காலை ஒட்டிய எங்கள் ஊருக்கு வரும்போது குழந்தையின் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். கேட்டவர்களிடமெல்லாம், "சுடுதண்ணி பட்டுருச்சுங்க" என்றேன். ஆறு வருஷமும் அதே பொய்தான். என் கணவர் அதை மறுத்ததும் இல்லை, ஆமோதித்ததும் இல்லை. மகளை வெளியே எங்கும் அழைத்துப் போக மாட்டார். துணி மாற்றும்போது எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். இப்படியொரு பெண்ணைப் பெற்றேன் என்று என்னை வெறுக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

எங்கோ தூரதேசங்களில் உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்களில் ஒன்று; மகளுக்கு ஆறு வயது. காட்டில் கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தோம். ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண் என் மகளைப் பார்த்து, "ஏஞ்சாமி, புண்ணு இன்னுமா ஆறல?" என்று கேட்டாள்.

"புண்ணெல்லாம் இல்லீங்க. வெரலுதான் இல்லீங்க" என்று சொல்லி, மகள் தானே துணியை அவிழ்த்துக் கையை நீட்டினாள்.

துணியை எடுத்துச் சுற்றிவிட எழுந்தேன். அந்தப் பெண் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அட, இம்புட்டுத்தானா! உள்ள அழுகிக் கெடக்குதோன்னு பயந்துட்டு இருந்தனே" என்றவள் மறுபடி காய் ஆயத் தொடங்கிவிட்டாள். மகளும் துணியை மறுபடி சுற்றவில்லை. கொடியை இடது கையால் மடியோடு அழுத்திக்கொண்டு வலது கையால் மளமளவென்று ஆய்ந்தாள்.

மற்றவர்கள் கை கழுவ வாய்க்காலுக்குப் போனதும், கொடிக்கட்டுகளைத் தூக்கிக்கொண்டிருந்த கணவரிடம் போனேன்.

"ஏனுங்க, அவ கை அப்படிப் பொறந்ததுக்கு நாந்தானுங்க காரணம்." வெள்ளரிக்காய் தின்றதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

அவர் தூக்கிய கட்டைக் கீழே போட்டார். "இல்ல புள்ள. அது நான் பண்ணுன பாவம்."

நான் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது கரும்புக்காட்டில் ஓர் உடும்பை அவர் வெட்டினாராம். அரிவாள் பட்டு அதன் முன்னங்கால் துண்டாகிவிட்டது.

"மொண்டிக் காலோட அது என்னத் திரும்பிப் பாத்துச்சு. புள்ள கையப் பாக்கறப்பல்லாம் எனக்கு அதுதான் தெரியுது. சொன்னா நீ உங்க ஊட்டுக்கே போயிருவீன்னு பயம்."

"கிரகணம் அஞ்சாம் மாசமுங்க. நீங்க வெட்டறதுக்கு மிந்தியே வெரலு போயிருக்கோணும்."

"அதெப்படி? ரெண்டு பேரும் பண்ணுனதுக்கு ரெண்டு கையுமில்ல போயிருக்கோணும்!"

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தோம். கிரகணமா, உடும்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். அவர் என்னை வெறுக்கவில்லை என்பதே அன்றைக்கு எனக்குப் போதுமாக இருந்தது. கம்பஞ்சோற்றில் இரண்டு உருண்டை கூடுதலாகத் தின்றேன்.

அடுத்த சந்தைக்கு மகளையும் பக்கத்திலிருக்கும் வேலூருக்கு அழைத்துப் போனார். போனவர்கள் திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்ததும் அவள் என் மடியில் காலை நீட்டிக்கொண்டு, "அப்பா எதுக்க வர்றவங்க எல்லாருத்துகிட்டயும், இது எம் மூத்த புள்ளன்னு நின்னு நின்னு பேசறாருங்கம்மா. கால் வலிக்குது" என்றாள்.