கூரை ஒழுகிய கரவன்

கதவைத் திறந்ததும் முதலில் நாற்றம்தான் வந்து வரவேற்றது. ஈரத் துணியைப் பிழியாமல் பையில் கட்டிவைத்து மறந்துபோனால் எப்படி மணக்குமோ, அதோடு எலிப் புழுக்கையும் பழைய பெற்றோலும் சேர்ந்த ஒரு நெடி. நான் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஏறி, மரம்போல அச்சடித்த தாள் ஒட்டியிருந்த சுவரை ஜன்னலுக்குக் கீழே ஒற்றை விரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. பலகை தேநீரில் ஊறிய ரஸ்க்காக இருந்தது. பின்னால் நின்ற அம்மா என் விரலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு, “உக்கினது உக்கிப்போச்சு, மிச்சம் நல்லாத்தானே கிடக்கு” என்றார். மிச்சம் என்று அங்கே எதைக் கண்டார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதினொரு வயது. அப்பா வேலை செய்த கராஜின் பின்வளவில் பனியிலும் மழையிலும் வருடக்கணக்காகக் கிடந்த கரவன் அது, வண்டியின் பின்னால் கொழுவி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு. கனடாக்காரர் அதை “ட்ரெயிலர்” என்றார்கள். எங்கள் ஆட்களுக்கு அது “கரவன்”தான். கராஜ் முதலாளி வளவைத் துப்புரவாக்க நினைத்து, இழுத்துக்கொண்டு போகிறவர் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறார். சும்மா என்ற சொல்லைக் கேட்டால் அப்பாவுக்குப் பயம் வரும், அம்மாவுக்கு உற்சாகம் வரும். அந்த முறை உற்சாகம் வென்றது. எங்கள் துருப்பிடித்த வான் வண்டியின் பின்னால் கொழுவப்பட்டு, ஒரு பக்கம் சரிந்தபடி, அது வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் “டிரைவ்வே”யில், கார் நிறுத்தும் இடத்தில், வந்து நின்றது.

நாங்கள் குடியிருந்த வீடு என்று சொல்வது கொஞ்சம் அதிகம். நாங்கள் இருந்தது “பேஸ்மென்ற்”, அதாவது நிலவறை. மேலே வீட்டுக்கார அங்கிளின் குடும்பம். அவரும் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள்தான், எங்களுக்குச் சில வருடங்கள் முன்னால் வந்தவர், அந்தச் சில வருடங்களை ஒரு பட்டம்போலச் சுமந்துகொண்டு திரிந்தவர். வெள்ளிக்கிழமை மீன் பொரிக்கக் கூடாது, ஞாயிறு தவிர உடுப்புத் தோய்க்கக் கூடாது, விருந்தாளி வந்தால் சப்பாத்தைப் பின்கதவடியில்தான் கழற்ற வேண்டும். இதையெல்லாம்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். அவரால் பொறுக்க முடியாமல் போனது அந்தக் காலடிச் சத்தம். தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து அவர் கண்ணை மூடும் நேரத்தில், தலைக்கு மேலே தடால் தடால் என்று அங்கிள் நடக்கத் தொடங்குவார். நாங்கள் மேலே சத்தம் கேட்காமல் நடமாட வேண்டும். அவர்கள் எங்கள் தலைக்கு மேலே எப்படியும் நடக்கலாம். அது எப்படி நியாயம் என்று பதினொரு வயதில் எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை, கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஆகவே அம்மா ஒன்று நினைத்தார். செப்டெம்பர் தொடக்கத்தில் வரும் நீண்ட வார இறுதியில் அப்பாவின் கராஜுக்கு விடுமுறை, அம்மாவின் தொழிற்சாலைக்கும் விடுமுறை. அந்த மூன்று நாளும் கரவனைக் கொண்டுபோய்ச் சிம்கோ ஏரிக்கரையில் நிறுத்தி அதற்குள் இருப்பது. “தலைக்கு மேலை ஒருதரும் நடக்காத மூண்டு நாள். எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்” என்றார். எனக்கும் வேறொன்றும் வேண்டாம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வீட்டுக்கார அங்கிள் கரவனை ஒருமுறை சுற்றிவந்து, சில்லை உதைத்துப் பார்த்தார். அவருடைய மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு வைத்திருந்தார்கள், அதுவும் அதே நீண்ட வார இறுதியில். நீளமான கார் வரும், வீடியோக்காரர் வருவார், வாசல் முழுக்க வாழைமரம் கட்ட வேண்டும். “தம்பி, கோடை முழுக்க நிக்கட்டும். ஆனா எங்கடை கொண்டாட்டத்தண்டைக்கு உது இஞ்சை நிக்கக் கூடாது. நிண்டால் ஸ்கிராப்காரனுக்குப் போன் அடிச்சுச் சொல்லுவன்” என்றார். அப்பா தலையாட்டினார். எங்களால் அதைத் திருத்த முடியாது என்ற நம்பிக்கையில்தான் அங்கிள் அவ்வளவு தாராளமாக இடம் கொடுத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் முதல் வேலை, எந்த ஓட்டையைக் கண்டாலும் அடைப்பது. அம்மா “சிலிக்கோன்” பசைக் குழாயைத் துப்பாக்கிபோலப் பிடித்துக்கொண்டு நடப்பார். நான் விரலால் காட்டுவேன். கூரையில், கதவோரத்தில், ஜன்னல் சட்டத்தின் அடியில் இருந்த சின்னச் சின்னப் பிளவுகளில், எதையும் விடவில்லை. உக்கிய சுவரின் மேல் பூப்போட்ட ஒட்டுத்தாளை ஒட்டினோம். நாற்றத்துக்குச் சாம்பிராணி. ஒரே வார இறுதியில் கரவன் புது மணப்பெண்ணாகிவிட்டது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரம் நல்ல நாள் ஒன்று வந்தது, அதை விட்டால் அடுத்த மாதம்தான் என்று பஞ்சாங்கம் சொன்னது. எங்கள் ஆட்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சாமல் போவார்களா? சில்லில் ஓடுகிற வீடானாலும் வீடு வீடுதான். அன்று பார்த்துக் குளிர் காற்றும் தூறலும். சொந்தக்காரர் எல்லாரும் உள்ளே நெருக்கியடித்து ஏறிக்கொள்ள, அடுப்பு அணைந்தால் சகுனம் சரியில்லை என்று கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்தி, அம்மா பாலைப் பொங்கவைத்தார். அதே அடுப்பில் பொங்கலும் வெந்தது. ஆவி போக வழியில்லை. போகக்கூடிய வழியெல்லாம் நாங்களே அடைத்திருந்தோம். கூரையிலிருந்து பெரியம்மாவின் தலையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பூப்போட்ட தாள் அப்பளம்போல உப்பி, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகக் கழன்று பெரியப்பாவின் தோளில் சாய்ந்தது.

பின்னேரம் பெருமழை. மறுநாள் கதவைத் திறந்தால் ஜன்னலோரத்துத் தரை காலுக்குக் கீழே அமுங்கியது. வாசலில் நின்று எட்டிப்பார்த்த வீட்டுக்கார அங்கிள், “வானத்திலையிருந்து வந்த தண்ணி காணாதெண்டு நீங்களும் உள்ளுக்கை மழை பெய்யவைச்சனீங்களோ?” என்று கேட்டுவிட்டு, தன் பகிடிக்குத் தானே சிரித்தபடி மேலே போனார். அந்தச் சிரிப்புப் படியேறிப் போகும் சத்தத்தை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டு நின்றோம்.

அப்பா அன்று கைவிடத் தயாராகிவிட்டார். “விடு, ஸ்கிராப்புக்கே குடுப்பம். எங்கையிருந்து ஒழுகுதெண்டே பிடிபடேல்லை” என்றார். அம்மா திரும்பிப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. “நாள் முழுக்க ரயருக்குப் பஞ்சர் ஒட்டுறியள். ஓட்டை எங்கையெண்டு அங்கை என்னெண்டு கண்டுபிடிக்கிறனீங்கள்? சாத்திரம் கேட்டோ?” அப்பா தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய்க் கரவனை ஒருமுறை சுற்றினார், மறுமுறையும் சுற்றினார். ஏதோ பிடிபட்டுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

அதற்கிடையில் நானும் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். ஜன்னல் சட்டத்தின் அடிக்கால்வாயில் தண்ணீர் விளிம்புவரை நிறைந்து, வெளியே போக வழியின்றி உள்பக்கம் வழிந்துகொண்டிருந்தது. நாங்கள் அவ்வளவு பக்தியாகச் சிலிக்கோன் வைத்து அடைத்த சின்னப் பிளவுகள், தண்ணீர் வெளியேறுவதற்கென்றே வைக்கப்பட்டவை. அம்மா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்து வந்து குத்தினார். தண்ணீர் குபுக்கென்று வெளியே பாய்ந்தது. “எல்லாத்தையும் அடைச்சால் உக்கத்தானே செய்யும்” என்று அம்மா முணுமுணுத்தார். கரவனைப் பற்றித்தான் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கராஜிலிருந்து பெரிய தூசுறிஞ்சியைக் கொண்டுவந்தார். அதன் குழாயைக் காற்று ஊதும் பக்கத்தில் மாட்டி, கரவனுக்குள் விட்டு, கதவிடுக்கையும் ஜன்னல் பிளவுகளையும் ஒட்டுநாடாவால் சுற்றி ஒட்டினார். பிறகு எங்கள் இருவரின் கையிலும் பெயின்ற் அடிக்கும் தூரிகையும் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணீரும் தந்தார். ரயரில் ஓட்டை தேடுவதுபோல, காற்றுக் கசியும் இடத்தில் குமிழி வரும் என்று கரவனின் வெளிப்புறம் முழுவதும் நுரை பூசினோம். சுவர் உக்கிக் கறை படிந்திருந்த இடத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. குமிழி வந்தது அதற்கு வெகு தூரத்தில், கூரையும் சுவரும் சேரும் மூலையில் ஓடிய அலுமினியப் பட்டியில், ஆணிக்கு ஆணி, கொத்துக் கொத்தாக. தண்ணீர் அங்கே நுழைந்து, உள்சட்டத்தின் வழியே நடந்து, தனக்கு வசதியான இடத்தில் வந்து எட்டிப்பார்த்திருக்கிறது. நாங்கள் இத்தனை நாளும் அது எட்டிப்பார்த்த இடத்துக்குத்தான் மருந்து பூசிக்கொண்டிருந்தோம். அம்மா ஏணியில் நின்றபடி கத்தினார்: “கண்டிட்டன்! கள்ளனைக் கண்டிட்டன்!” எதிர்வீட்டுக்காரர் புல்வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மேலே ஜன்னல் திரை ஒன்றும் அசைந்தது.

அதன் பிறகு அந்தக் கோடை முழுவதும் எனக்கு வேறு நினைவே இல்லை. பட்டியைக் கழற்றி, காய்ந்த பழைய பசையைச் சுரண்டி, தார்போல ஒட்டும் புதுப் பசைநாடாவை வைத்து, திருகாணிகளைப் புதிதாக முறுக்கினோம். உக்கிய பலகையைப் பிய்த்தெறிந்தோம். பிய்க்கப் பிய்க்க உக்கல் தொடர்ந்து போனது, ஒருகட்டத்தில் சுவருக்குள்ளால் தெருவே தெரிந்தது. நல்ல மரம் தட்டுப்படும்வரை நிறுத்தக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். புதுச் சட்டங்களுக்கு மரம் அம்மாவின் தொழிற்சாலையிலிருந்து வந்தது. பெட்டிகளை அடுக்குகிற மரத்தட்டுகளை அங்கே “ஸ்கிட்” என்பார்கள். உடைந்தவற்றைக் குப்பையில் போடுவார்கள், அம்மா கேட்டு வாங்கி வருவார். இரவு வேலை முடிந்து விடிகாலையில், பஸ்ஸில், தோளில் மரச் சட்டங்களோடு அம்மா வந்து இறங்குவதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை. பெருமைதான் வருகிறது. பஸ்ஸில் முறைத்தவர்களை அவர் திருப்பி முறைத்திருப்பார்.

ஓகஸ்ட் கடைசியில் ஒருநாள் வீட்டுக்கார அங்கிள் இறங்கி வந்தார். கரவன் வெள்ளையும் நீலமுமாக நின்றது. உள்ளே ஏறிச் சுவரைத் தட்டிப்பார்த்தார். சுவர் பதில் சொன்னது. இறங்கி வந்தபோது அவருடைய குரலே மாறியிருந்தது. “தங்கச்சி, இது நிக்கட்டும். அண்டைக்குப் பொம்பிளைப் பிள்ளையளுக்கு மேக்கப் போடுறதுக்கு ஒரு இடம் வேணும். உங்கடை பயணத்தைப் பிறகு பாக்கலாம்” என்றார். கேட்கவில்லை, அறிவித்தார்.

அம்மா கையிலிருந்த துணியை மடித்தார். “இல்லை அண்ணை. நாங்கள் வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறம்.”

“அப்ப என்ரை பிள்ளையின்ரை சடங்குக்கும் வரமாட்டியள்?”

“பிள்ளைக்கு எங்கடை ஆசீர்வாதம் எப்பவும் இருக்கும். ஆனா எங்களுக்கு லீவு கிடைக்கிறது அந்த மூண்டு நாள்தான்.”

அங்கிளின் முகம் சிவந்தது. “அப்ப வேறை வீடு பாக்கிறதுதான் உங்களுக்கு நல்லது.”

நான் அப்பாவைப் பார்த்தேன். வீட்டுக்காரரோடு கொழுவாதே என்று ஆயிரம் முறை சொன்ன மனிதர், இப்போது அம்மாவைத் தடுப்பார் என்று நினைத்தேன். அப்பா குனிந்து, வானின் பின்னால் இருந்த கொழுவியின் சங்கிலியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: “பாக்கிறம் அண்ணை. ஏரிக்குப் போட்டு வந்து பாக்கிறம்.”

வெள்ளிக்கிழமை பின்னேரம் புறப்பட்டோம். வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏணியை விலக்கி வழி விட்டார்கள். ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்த கையோடு மழை பிடித்தது, அடுத்த நாளும் விடவில்லை. நான் கையில் துணியோடு மூலை மூலையாகத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. எல்லா மூலையும் காய்ந்திருந்தது. அம்மா அன்றிரவே மீன் பொரித்தார், அதுவும் வெள்ளிக்கிழமையில். பிறகு குறுக்காக நீட்டிப் படுத்துக் கண்ணை மூடினார். எங்கள் தலைக்கு மேலே அன்று நடந்தது மழை மட்டும்தான். அம்மா அடுத்த நாள் மத்தியானம்வரை நித்திரை கொண்டார். அவர் அப்படித் தூங்கி நான் அதற்கு முன் கண்டதில்லை.

வந்து வீடு பார்த்தோம். ஒக்டோபரில் வேறொரு பேஸ்மென்றுக்குப் போனோம், அங்கேயும் மேலே ஆட்கள் நடந்தார்கள். அதன் பின்னும் நாலைந்து கோடைகள் அந்தக் கரவன் ஓடியது. கடைசியில் அடிச்சட்டம் துருப்பிடித்து முறிந்தபோது அப்பாவே அதைப் பழைய இரும்புக்கு இழுத்துக்கொண்டு போனார். கூரை அன்றும் ஒழுகவில்லை. வெக்ஸ்போர்ட் வீடு இப்போது இல்லை. இடித்துவிட்டு டிரைவ்வேயையும் விழுங்கிக்கொண்டு பெரிய கல்வீடு ஒன்று நிற்கிறது. அப்பா வேலை செய்த கராஜ் இருந்த இடத்தில் அடுக்குமாடி. அப்பாவும் போய்விட்டார். அம்மா பிக்கரிங்கில் என்னோடு இருக்கிறார், மேல்மாடி அறைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு.

போன மாதம் பழைய படங்களைக் கிளறியபோது என் மகள் ஒன்றைத் தூக்கிப் பிடித்தாள். பாதி பிய்த்த கரவனின் முன்னால் சவர்க்கார நுரையோடு நானும் அம்மாவும். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது; பள்ளிக்கூடத்தில் அகதிகள் பட்ட பாட்டைப் பற்றி நிறையச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முகத்தைச் சுருக்கிக்கொண்டு, “அம்மா, நீங்கள் இதுக்குள்ளையா இருந்தனீங்கள்? ஓ மை கோட், தட்ஸ் சோ சாட்” என்றாள்.

நான் வாயைத் திறக்குமுன் மேல்மாடிப் படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“இருக்கேல்லை, பிள்ளை. அதிலை நாங்கள் போனனாங்கள்.”